நத்தமேட்டின் வண்டல் கோடுகள்

மேற்குத் தாம்பரத்தில் நான் குடியிருந்த போர்ஷனுக்குத் தங்கையும் அவள் கணவரும் வந்து, ஒரு மனையை வாங்கலாமா என்று கேட்டது ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எண்பதுகளின் பின்பாதி. என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் ரயில்வேயில் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறவன். எந்த நாள் எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எப்போது விட்டது, எந்த ஏரி நிரம்பியது, வண்டலூர்ப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டி எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விடுமுறை நாள்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கோயில்களையும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல்களையும் பார்த்துவிட்டு வருவேன். நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளை உட்கார்ந்து படிப்பேன். குடும்பத்தில் இதை ஒரு கிறுக்காகத்தான் நினைத்தார்கள். ஆனால் மனை என்று வந்ததும் அந்தக் கிறுக்குக்கு மதிப்பு வந்துவிட்டது.

"மச்சான், புரோக்கர் சொல்றது வேணாம். உங்க டைரி என்ன சொல்லுது, அதச் சொல்லுங்க" என்றார் தங்கையின் கணவர். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். இரும்பைத் தட்டிப் பார்த்தே விரிசல் சொல்லக்கூடிய மனிதர்.

மனை இருந்தது ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஓர் ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே வயல்கள். வயல்களுக்கு நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மேடு, பரப்பில் பெரியது. ஊர்க்காரர்கள் அதை நத்தமேடு என்பார்கள். நத்தம் என்றால் எப்போதோ ஜனங்கள் குடியிருந்த இடம். அந்த மேட்டையும் சுற்றியிருந்த வயலையும் ஒருவர் மொத்தமாக வாங்கி லே-அவுட் போட்டிருந்தார். மேட்டின்மேல் வரும் மனைகளுக்குத்தான் கிராக்கி.

நான் டைரிகளை எடுத்துப் புரட்டினேன். ஏரி கலங்கல் போன வருஷங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மிக மோசமான ஒரு கார்த்திகையில், வயலெல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தபோது, ஊர் மாடுகளை நத்தமேட்டில் கட்டியிருந்ததை நானே பார்த்து எழுதியிருந்தேன். மாடுகளுக்குக் கீழே மண் காய்ந்திருந்தது என்றுகூட எழுதியிருந்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் வாடகை வீடுகளில் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு சமையலறை வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்டதில்லை. அடுத்த வாரமே மனையைப் பேசி முடித்தார்கள். அவள் வீடு நிற்கப்போகிற தரை பத்திரமா என்ற கேள்விக்கு அன்று பதில் சொன்னவன் நான். பின்னால் நடந்ததற்கெல்லாம் அங்கிருந்துதான் கணக்கு.

சித்திரையில் புல்டோசர் வந்தது. மேட்டின் மேற்கு ஓரத்தை வெட்டி உள்ளே போக ஒரு வழி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் மனையைப் பார்க்கப் போனபோது அந்த வெட்டுமுகத்தில் அகலமான தட்டைச் செங்கற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, சுட்ட மண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு உறைகிணறு பாதியாக அறுபட்டு நின்றது. வாயைப் பிளந்து கிடந்த அந்தக் கிணற்றை இவ்வளவு நாள் தெரியாமல் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் படம் வரைந்து, அளவு போட்டு, அரசுத் தொல்லியல் துறைக்கு மனு எழுதினேன். பதில் வரும் என்று நம்பவில்லை. ஆனியில் வந்துவிட்டது.

வந்தவர் ஒல்லியான ஓர் ஆய்வாளர். எப்போதும் ஒரு பிளாஸ்கும் தொப்பியும். இரண்டே இரண்டு குழிகள் போட அனுமதி. ஆவணி முடியும்வரை லே-அவுட்காரர் பொறுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது சார்" என்றார் லே-அவுட்காரர். வெள்ளை வேட்டி, கையில் சாவிக்கொத்து. "பொரட்டாசில மெஷின் திரும்ப வருது. நீங்க பாத்துட்டு, பாத்தாச்சுன்னு ஒரு பேப்பர் குடுத்துட்டா போதும்."

தங்கை கணவருக்குக் கோபம். வாஸ்து பார்த்து, நாள் பார்த்து, கடைக்கால் தோண்ட ஆள் சொல்லிவைத்திருந்தார். எல்லாம் நின்றுபோயிற்று. "ஊர்ல எல்லாருக்கும் பொண்டாட்டி வழியில சீர் வரும். எனக்கு ஓட்டாஞ்சல்லி வந்திருக்கு" என்று தங்கையிடம் சொன்னாராம். அவள் அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்போது எங்களுக்குச் சிரிக்க முடிந்தது.

நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தேன். எனக்குக் கொடுத்த வேலை சீட்டு எழுதுவது. குழி, அடுக்கு, ஆழம், கிழமை. ஒவ்வொரு கூடைப் பானை ஓட்டோடும் ஒரு சீட்டு போகவேண்டும். மண் வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை மாதிரி ஒரு அம்மாள் இருந்தார். வெற்றிலை வாய், கூர்மையான நாக்கு. நான் எழுதுவதைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு.

"இன்னா சார், நான் எச்சி துப்புனா அதையும் எழுதிக்குவே போல கீது?"

"எந்தக் குழியில துப்பினீங்கன்னு சொன்னா எழுதிடுவேன்."

"த்தோ பாருடி, சாருக்குப் பேசக்கூட வருது" என்று மற்றவர்களிடம் சொல்வார். கூடைகள் கைமாறும்.

முதல் மூன்று வாரங்கள் எனக்கு ஒரு போதை மாதிரி போயின. சல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய ஒரு தெரு வந்தது. தெருவின் ஓரமாகச் செங்கல் சாக்கடை. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி. விளக்குகள், சுடுமண் மணிகள், தேய்ந்துபோன ஒரு செப்புக்காசு. பாசிப்பச்சை நிறத்தில் ஒரு சீனப் பீங்கான் துண்டு கிடைத்தபோது ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வணிகர்கள் வாழ்ந்த ஊர் என்றார். கல்வெட்டுகளில் நகரம் என்று சொல்லப்படுவது இப்படிப்பட்ட ஊர்களைத்தான். சோழர் காலத்தின் பிற்பகுதியாக இருக்கலாம், இன்னும் பார்க்கவேண்டும் என்று ஜாக்கிரதையாகச் சொன்னார். நான் படித்த அச்செழுத்தெல்லாம் காலடியில் செங்கல்லாக வந்து நிற்கிறது. வேறு எதையும் யோசிக்க எனக்கு நேரமில்லை.

ஆய்வாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வந்ததும் குழிக்குள் இறங்கி, கொத்தனார் கரணையால் குழியின் பக்கச் சுவரை மழமழவென்று செதுக்குவார். பிறகு செடிக்கு மருந்தடிக்கிற பம்பில் தண்ணீர் நிரப்பி அந்தச் சுவர் முழுக்கப் பனி மாதிரி தெளிப்பார். ஈரம் பட்டதும் மண்ணின் நிறங்கள் தனித்தனியாக எழும்பி வரும். செம்மண் ஒரு பட்டை, சாம்பல் ஒரு பட்டை, செங்கல் தூள் ஒரு பட்டை. வெயில் ஏறி அது காய்வதற்குள் ஆணியால் கோடு கீறி, கோடுகளுக்கு எண் போடவேண்டும்.

ஆவணி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. அன்று தெளித்த தண்ணீரில் வேறொன்று தெரிந்தது. தெருவின்மேல் ஒரு சாண் தடிமனுக்குக் கன்னங்கரேலென்று ஒரு கோடு. அதற்குமேல் மறுபடி தெரு. அதன்மேல் மறுபடி கரிய கோடு. அப்படி மூன்று. ஓடு, எலும்பு, கரி என்று மற்ற பட்டைகளிலெல்லாம் ஏதாவது கிடந்தது. இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். கத்தியால் வெட்டிய மைசூர்பாகு மாதிரி இருந்தது.

ஆய்வாளர் ஒரு துண்டை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்காகக் காத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது வண்டல் சார். ஏரி வண்டலு."

"எப்படிச் சொல்றீங்க?"

"வருசா வருசம் கோடைல ஏரிய வெட்டி நாங்கதான வயலுக்கு அள்ளியாறோம். எனக்குத் தெரியாதா? மோந்து பாருங்க, மீன் வாசன வரும்."

ஆய்வாளர் நிஜமாகவே முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வாசனை எதுவும் வரவில்லை. ஆனால் விரல்களுக்கு நடுவில் அது வழுக்கியது, சோப்பு மாதிரி.

"ஏரி மூணு தடவை ஊருக்குள்ள வந்திருக்கு" என்றார் அவர். "வந்து, நின்னு, வடிஞ்சிருக்கு. நின்னாத்தான் இவ்வளவு படியும். ஒவ்வொரு தடவையும் ஜனங்க மண்ணைக் கொட்டி உசத்தி, அதுமேல தெருவைத் திரும்பப் போட்டிருக்காங்க. நீங்க இதை மேடுன்னு சொல்றீங்க. ஊரை ஆரம்பிச்சப்போ இங்க மேடே இல்ல. வயல் மட்டத்துலதான் கட்டியிருக்காங்க."

மூன்றாவது வண்டலுக்குக் கீழே ஒரு வீட்டின் தரை இருந்தது. அங்கே சுவரோரமாக நான்கு பானைகள், உடையாமல், வரிசையாக, நின்றபடியே. உள்ளே கழுத்துவரை கறுப்பு மண். எடுக்க நேரமிருந்தால் எவரும் பானையை அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். பெண்கள் குனிந்து அந்தப் பானைகளைப் பார்த்தார்கள். ஒருத்தி, "சோறு இருந்திருக்குமாக்கா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் அவளை அதட்டினார்.

சனிக்கிழமை, ஆழங்களைச் சரிபார்க்கும் வேலை. குழியின் இரு கோடிகளிலும் ஆணி அடித்து ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். எல்லா உயரமும் அந்த நூலிலிருந்துதான். அதைப் பூஜ்ய மட்டம் என்று குறித்துக்கொண்டிருந்தோம். நான் டேப்பைப் பிடித்தேன். நூலுக்கு மேலே முழங்கால் உயரத்தில் முதல் வண்டல். இடுப்பளவில் இரண்டாவது. கழுத்தளவில் மூன்றாவது. எழுதிக்கொண்டே, "இந்த நூல் மட்டத்தை எதை வெச்சு எடுத்தீங்க சார்?" என்று கேட்டேன். தகவலுக்காகத்தான் கேட்டேன்.

"லே-அவுட்காரர் சர்வேயர் போட்ட சிவப்புக் குறிதான். வெளி ரோடு மட்டம். இந்த மேட்டை முழுக்க அந்த மட்டத்துக்கு வெட்டி எடுக்கப்போறாராம். எல்லா மனையும் சமமா இருக்கணுமில்ல? மண்ணு அந்தப் பக்கம் பள்ளத்தைத் தூக்குறதுக்கு."

நான் டேப்பை விட்டுவிட்டேன். அது சுருண்டு அவர் கையில் போய் அடித்தது.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில் என் கை நிற்கிறது. பன்னிரண்டு வருஷக் குறிப்பைப் பார்த்து நான் தங்கைக்குச் சொன்ன பதிலில் ஒரு பிழையும் இல்லை. மேட்டில் தண்ணீர் நின்றதில்லை. ஆனால் அவள் வாங்கியது மேட்டை அல்ல. மேட்டை எடுத்துவிட்ட பிறகு அங்கே மிஞ்சப்போகிற தரையை. அந்தத் தரையைப் பற்றி என் டைரியில் ஒரு வரி கிடையாது. அதைப் பற்றிய குறிப்பு என் முழங்காலுக்கும் கழுத்துக்கும் நடுவில், ஈரச் சுவரில், மூன்று வரிகளாக இருந்தது.

அன்று மாலை ஆறே கால் வண்டியில் தாம்பரம் வந்து, நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். சொன்னேன். தங்கை கணவர் லுங்கியோடு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"சோழன் காலத்துல பெஞ்ச மழைக்கு இப்ப கொடை பிடிக்கச் சொல்றீங்களா மச்சான்?"

"மாப்பிள்ளை, ஏரி அதே ஏரி. கரை அதே கரை."

"அன்னிக்கு வாங்கச் சொன்னது எந்த வாய்? இன்னிக்கு வேணாங்கிறது எந்த வாய்? இருக்கிறத எல்லாம் அதுல போட்டாச்சு. திருப்பிக் குடுத்தா அவரு வாங்கிப்பாரா? நல்லா பேஜார் பண்றீங்க."

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். "அண்ணா, நீங்கதானே டைரிய பாத்துச் சொன்னீங்க?" என்றாள். குற்றம் சாட்டவில்லை. என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

திங்கட்கிழமை லே-அவுட்காரரைப் பார்த்தேன். ஓலைக் கொட்டகையில் மனைப்படத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். மேட்டை வெட்டவேண்டாம், இருக்கிறபடியே மனையை விட்டுவிடுங்கள் என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

"சார், ஒருத்தன் மன மேல, ஒருத்தன் மன கீழன்னு வுட்டா எவன் வாங்குவான்? மண்ணு வேற எனக்கு எங்க கெடைக்கும்?" அவர் கோபப்படவே இல்லை. எனக்கு டீ வரவழைத்தார். "நீங்க மனு போட்டதுனாலதான் கவர்மெண்டே வந்து தோண்டிப் பாத்துச்சு. இப்ப நான் வர்றவங்ககிட்ட அதத்தான் சொல்றேன். கவர்மெண்டு பாத்த எடம்னு. உங்களுக்குத்தான் சார் நான் தேங்க்ஸ் சொல்லணும்."

ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் தன் அறிக்கையில் மூன்று வண்டல்களையும் படத்தோடு எழுதுவதாகச் சொன்னார். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். "ஆனா என் பேப்பர் பழசைப் பத்தினது சார். இங்க வீடு கட்டலாமா கூடாதாங்கிறதை எழுத எனக்கு அதிகாரமில்ல. எழுதினாலும் படிக்கிறவங்க வேற" என்றார். ஆவணி கடைசி நாள் குழிகளைப் படமெடுத்தார்கள். கூடைகளை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த அம்மாள் கூலி வாங்கிக்கொண்டு, இடுப்பில் செருகிக்கொண்டே, "உன் தங்கச்சி மனை எது சார்?" என்று கேட்டார். காட்டினேன். அவர் அந்த வெள்ளைக் கல்லையும், தூரத்தில் ஏரிக்கரைப் பனைமரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு மற்றப் பெண்களோடு நடந்தார்.

புரட்டாசி முதல் வாரமே மேடு போய்விட்டது. நான்கே நாள். தெருவும் சாக்கடையும் கிணறும் லாரிகளில் ஏறி, மேற்கே ஏரிக் கலங்கலிலிருந்து வரும் வாய்க்காலுக்குள் போயின. வாய்க்காலைத் தூர்த்துத்தான் லே-அவுட்டுக்குள் நுழைய அகலப் பாதை போட்டார்கள். அதற்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்கள் வைத்தார்கள். ஒரு குழாய்க்குள் நான் உட்கார்ந்து பார்த்தேன். தலை நிமிர முடியவில்லை. கலங்கல் போகும்போது அந்த வாய்க்காலில் நான் பார்த்திருக்கிற தண்ணீர் ஒரு ரயில்பெட்டி அகலம் இருக்கும்.

தங்கை கணவரிடம் ஒன்றே ஒன்று கெஞ்சினேன். கடைக்கால் மட்டத்தை என் இடுப்புக்கு மேலே தூக்குங்கள் என்று. மேஸ்திரி சிரித்தார். "மச்சான், வீட்டுக்கு ஏணி வெச்சா ஏறுறது? உங்க தங்கச்சிக்கு முட்டி போயிடும்" என்றார் தங்கை கணவர். கடைசியில் மற்ற வீடுகளைவிட ஒரு முழம் கூடுதலாக உயர்த்த ஒப்புக்கொண்டார். எனக்காக. அதைத் தெருவில் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொன்னார்.

தை மாதத்தில் கிரகப்பிரவேசம். நாளை நான்தான் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தேன். பால் பொங்கியது. தங்கை தன் சமையலறையில் மேடையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாதிகூட ஏறவில்லை. "இன்னா மச்சான், சோழர் தண்ணி எப்ப வரும்? லாரித் தண்ணியாவது வரச்சொல்லுங்க" என்று அவர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். அவர் கேலி செய்யும்போதெல்லாம் அவர் சொல்வதே சரியாகட்டும், தண்ணீர் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் வெறும் வானத்தைப் பார்த்துக்கூட எனக்குத் தூக்கம் குறைந்தது. அந்தத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டின் வாசற்படியையும் மனதுக்குள் நூல் பிடித்துப் பார்ப்பேன். எல்லாமே நூலுக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் மேலே.

அடுத்த வருஷம் ஐப்பசியில் தொடங்கிய மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஒரு புதன்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்பியவன் செங்கல்பட்டுப் பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டேன். வண்டி வண்டலூர் தாண்டி நின்றுவிட்டது. தண்டவாளத்தோடு நடந்தேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலேயே சொன்னார்கள், ஏரி கலங்கல் போகிறது, லே-அவுட்டுக்குள் போகமுடியாது என்று.

பாதைக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தபோது தண்ணீர் ஓடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓடுகிற தண்ணீர் எங்கேயோ போகிறது என்று தெரியும். இது போகுமிடம் இல்லாமல், பழுப்பாக, சத்தமே இல்லாமல், தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றது. மின்கம்பங்களின் நிழல்கூட ஆடவில்லை. இரண்டு குழாய்களின் வாயும் தண்ணீருக்கு அடியில் எங்கோ இருந்தன. மேலே குமிழிகள் மட்டும் வந்தன. நான்கைந்து பேர் கயிறு பிடித்துப் போனபோது நானும் சேர்ந்துகொண்டேன். இடுப்பு, பிறகு மார்பு.

தங்கையும் கணவரும் மொட்டைமாடியில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குடும்பமும் அங்கேதான். தங்கை வீடு ஒரு முழம் உயரம் என்பதால், மற்ற வீடுகளில் தண்ணீர் ஏறியபோது அவர்களுக்குச் சாமான் தூக்க அரைமணி நேரம் அதிகம் கிடைத்திருக்கிறது. தங்கை கணவர் என்னைப் பார்த்ததும் கையை மட்டும் நீட்டித் தூக்கிவிட்டார். கேலி எதுவும் வரவில்லை. அன்று அவர் கேலி செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் பாதையை ஓரிடத்தில் வெட்டிவிட்டார்கள். வடிந்த பிறகு கதவைத் தள்ளியபோது அது பாதிதான் திறந்தது. உள்ளே தரையெல்லாம் நான்கு விரல் தடிமனுக்குக் கறுப்பு மண், மழமழவென்று. சமையலறைச் சுவரோரமாக மூன்று எவர்சில்வர் குடங்கள் நின்றபடியே இருந்தன. தங்கை அவற்றைக் கவிழ்க்கப் போனாள். முடியவில்லை. கரண்டியால் மண்ணைத் தோண்டி எடுத்தாள். மூன்றாவது குடத்தில் நிறுத்திவிட்டு, "நான் இங்க இருக்கமாட்டேன்" என்றாள். அழுகை இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழை இரவும் அவள் கட்டிலை விட்டு எழுந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள் என்று அவள் கணவர் என்னிடம் பின்னால் சொன்னார்.

வீட்டை விற்பது என்று முடிவு செய்தார்கள். பங்குனியில் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரில் இருந்த தண்ணீர்க் கோடு இரண்டு பூச்சில் மறைந்துவிட்டது. நான் மூன்றாவது பூச்சு வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனி மாதத்து ஒரு ஞாயிறு, பல்லாவரத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. மனைவிக்கு எட்டாவது மாதம். வெயில் பளிச்சென்று அடித்தது. ஏரி வறண்டு, மாடுகள் நடுவில் மேய்ந்தன. தெருவில் புழுதி.

அவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். அந்த அம்மா சமையலறை மேடையைத் தொட்டுப் பார்த்தார். வாசலுக்கு வந்ததும் கணவர் என்னைப் பெரியவன் என்று நினைத்து, "சார், இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவர் தெருவைப் பார்த்தார்.

"நிக்கும்" என்றேன். "ஏரி நிறைஞ்சா இந்த வீட்டுக்குள்ள வரும். என் மார்பளவுக்கு நான் தெருவுல நடந்து வந்தேன். அந்த வாய்க்காலைத் தூர்த்திருக்காங்க. அதை எடுக்காத வரைக்கும் வரும்."

தங்கை உள்ளே போய்விட்டாள். எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் கூரியர்காரர் சிரித்தார். நல்ல சிரிப்பு, கபடமில்லாதது. "உண்மைய சொன்னீங்க சார், அதுக்கே பெரிய மனசு வேணும். மெட்ராஸ்ல எந்த எடத்துல சார் தண்ணி நிக்கல? பல்லாவரத்துல நாங்க இருக்கிற வீட்டுல தெனமும் குழாய்த் தண்ணிக்கே சண்ட. ரெண்டு நாள் நின்னுட்டு வடிஞ்சிரும்."

"அஞ்சு நாள் நின்னுச்சு."

"சரி, அஞ்சு நாள்" என்றார். மனைவியைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். இதைவிட ரயிலடிக்குப் பக்கத்தில், அவர்களால் முடிகிற விலைக்கு, வேறு வீடு இல்லை. அதை அவர்கள் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் தங்கைக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

பத்திரம் முடிந்தது. தை வரைக்கும் பொறுத்துக் குடி வாருங்கள் என்று ஒருமுறை பல்லாவரத்துக்கே போய்ச் சொன்னேன். பிள்ளை பிறந்தால் தாய்வீட்டில் வைத்திருங்கள், மழை முடிந்ததும் கூட்டிவாருங்கள் என்றேன். கூரியர்காரர் எனக்குக் காப்பி கொடுத்தார். வாடகை வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார் என்றார்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை, சாவியைக் கொடுப்பதற்குத் தங்கை கணவரோடு நானும் போனேன். பதினொரு மணி இருக்கும். சாமான் ஏற்றிய டெம்போ பாதையில் குலுங்கிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், புது மூங்கில் வாடை மாறாத ஒரு தொட்டில் கயிறு கட்டிக் கவிழ்ந்து கிடந்தது. அந்த அம்மா கைக்குழந்தையோடு முன்சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினார். தெற்கே, கூடுவாஞ்சேரிப் பக்கம், வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், நல்ல சகுனம். மழ வர்ற மாதிரி கீது" என்றார் டெம்போ டிரைவர்.